வெளிப்பக்கம் திறக்கும் கதவு

கடலோரப் பாதையில் நடந்து வருகிறவர்கள் தங்கிப் போகிற அந்தப் பழைய சுங்கக் கட்டடத்தில் ஒரே ஒரு குறை, கதவு. அதைப் பற்றி மட்டும் காப்பாளர் அக்காவிடம் வாய் கொடுத்துவிடக் கூடாது.

கூரை இல்லாமல் கிடந்த கட்டடம் அது. புதுப்பித்தபோது கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவள், வேலை முடிந்ததும் அங்கேயே காப்பாளராகத் தங்கிவிட்டாள். கதவு செய்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி, தச்சன்.

"கடல் காத்து நேரா இங்கதான் மோதும். உள்பக்கம் தெறக்கிற மாதிரி வைடா" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"கட்டடத்தோட பழைய வரைபடத்துல வெளிப்பக்கம்தான் போட்டிருக்கு" என்றான் அவன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் இருவரும் ஒரே அச்சு. பேச்சு தடித்தது, அன்றோடு நின்றும் போனது.

இரண்டு வருடமாயிற்று. காற்று நாட்களில் வந்தவர்கள் வெளியிலிருந்து இழுக்க, இவள் உள்ளிருந்து தோளால் முட்டித் தள்ளுவாள். தம்பியைக் கூப்பிட்டால் அரைநாள் வேலைதான். கூப்பிடுவாளா? மாட்டாள். ஆனால் பாதையில் யார் தலை தெரிந்தாலும் அவன்தானோ என்று பார்ப்பாள். அவனைப் பார்க்காமல் அவளுக்கு மனசு ஆறவில்லை, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் பேய்க் காற்று, கூடவே மழை. மழைக்கோட்டால் முகம் மூடிய ஒருவர் கதவைப் பிடித்துப் போராடுவது ஜன்னலில் தெரிந்தது. ஓடிப்போய், கட்டுப் போடாத தோளைக் கொடுத்தாள்.

"நல்லா இழுங்க!"

"இழுத்துட்டுதானே இருக்கேன்!"

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் தோளை எடுத்துவிட்டாள். விரல் இடுக்கு அளவு திறந்த கதவு படீரென்று மூடிக்கொண்டது.

"காலை ஊனி இழுடா" என்றாள்.

"நீ மொதல்ல தள்ளுக்கா."

ஒருவழியாக நனைந்த கோழியாக உள்ளே வந்து விழுந்தான். பையைப் பிரித்தான். உளி, திருப்புளி, புதுக் கீல்கள்.

"உனக்குத் தோள்ல கட்டுப் போட்டிருக்குன்னு நடந்து வந்தவங்க சொன்னாங்க" என்றான். "கதவு தப்பா இருக்கு."

"யார் மாட்டினதாம்?"

"யாரோ ஒரு வீம்புக்காரன்."

 அவளுக்குக் கண் நிறைந்தது. துண்டை எடுத்து அவன் தலையில் போட்டாள். அவன் உளியோடு எழுந்தான்.

"உக்காரு. காத்து நின்னதும் கழட்டலாம்."

"நிக்க நாலு நாள் ஆகுமேக்கா."

"ஆகட்டும்" என்றாள்.