அம்மாவின் படம் மூன்று துண்டாக வந்த கதை

அம்மாவின் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நாலு நாள் இருந்தது. அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கு அவவின் படம் ஒன்று வேண்டும். வெள்ளவத்தை அச்சகத்தார் மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டுக்குள் கேட்டிருந்தார்கள். பிந்தினால் முன்பக்கம் வெறுமையாகத்தான் வரும்.

படங்களெல்லாம் கனடாவில் இருக்கும் தம்பியிடம். ஸ்கான் செய்து, சுருக்கி, ஒரே மின்னஞ்சலில் போகாதென்று மூன்று பகுதியாக அனுப்பியிருந்தான். இங்கே நாங்கள் அக்கா, நான், தங்கச்சி என்று மூன்று பேர். ஆளுக்கொரு பங்கு என்றே நினைத்தேன். மூன்று பென் டிரைவில் போட்டு இரண்டைக் கொடுத்தேன். அடுத்தவர் பங்கை நான் வைத்திருப்பது சரியில்லை என்று, என் கணினியிலும் மின்னஞ்சலிலும் இருந்த அவர்களுடையதை அழித்தும் விட்டேன்.

பிறகு, இப்படிப்பட்டதைத் திறக்கிற இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். கேளாத இரண்டு சாமான்களும் அதோடு வந்து கணினியில் குந்திக்கொண்டன. என் பகுதியைத் திறந்தால், அடுத்த பகுதி எங்கே என்று கேட்டுவிட்டு நின்றது. இரண்டு நாள் அதோடு மாரடித்தேன். செத்தவீட்டு அலைச்சலில் உடம்பும் ஓய்ந்து, தலையிடியும் வந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, அம்மாவுக்கு விளக்கு வைத்துவிட்டுத் தம்பிக்கு எடுத்தேன்.

“அண்ணா, மூண்டையும் ஒரே இடத்தில வைச்சாத்தான் திறபடும்.”

“நான் பிரிச்சுக் குடுத்திட்டனடா.”

“குடுத்தால் என்ன, உங்களிட்டயும் இருக்கும்தானே?”

“அழிச்சுப்போட்டன்.”

“நான் இரவு வேலையில நிக்கிறன். வீட்டை போய் அனுப்ப உங்களுக்குப் பின்னேரம் ஆயிடும்.”

எங்கள் இரண்டு பென் டிரைவையும் எடுத்து, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு, பஸ் மாறி, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தபடியே தொடங்கினா.

“நல்ல படமெல்லாத்தையும் நீ எடுத்துக்கொண்டு, எனக்குத் திறபடாததைப் பார்த்துத் தந்தனீ என்ன?”

“எனக்கும் திறபடேல்லை அக்கா.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே! சாமி கும்பிடேக்கயும் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தனான்.”

“அப்ப என்ர தலையிடிக்குக் காரணம் அதுதான்” என்றேன். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அம்மா போனபிறகு அவ சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அக்காவின் கணினியில் அதே மென்பொருளை இறக்கினேன். இம்முறை வேண்டாத பெட்டிகளில் இருந்த சரி அடையாளத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மூன்று பகுதியையும் ஒரே கோப்புறைக்குள் வைத்து, பிள்ளையாரே என்று முதலாவதை அழுத்தினேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பதினொன்றரை.

நாற்பது படம் வந்தது. மூன்று பேரும் ஒன்றும் கதைக்காமல் பார்த்துக்கொண்டு போனோம். கோயில் வீதியில் அர்ச்சனைத் தட்டோடு அம்மா நிற்கிற படம் வந்ததும், அக்கா திரையில் விரலை வைத்தா.

“இது.”

“கண் கொஞ்சம் மூடியிருக்கு” என்றா தங்கச்சி.

“வெயிலுக்கு அவ எப்பவும் அப்பிடித்தானே பாக்கிறவ.”

அச்சகத்துக்கு அதையே அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தபிறகுதான், காலையில் இருந்து நாங்கள் ஒருவரும் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்பது நினைவு வந்தது.