பாம்பு மோதிரக்கார நுமீசியஸ்

புத்தியோலித் துறைமுகத்தில் மீன்சாறு விற்ற நுமீசியஸ் என் அடுத்த வீட்டுக்காரன். அவனைப் போல வெற்று ஜம்பக்காரனை நான் கண்டதில்லை. அடிமையாயிருந்து விடுதலையானவன். அதில் ஒரு குறையுமில்லை, நானும் அப்படி விடுதலையானவள்தான். ஆனால் வியாபாரம் கொழித்ததும் தங்கத்தில் மூன்று சுற்றுப் பாம்பு மோதிரம் செய்து மாட்டிக்கொண்டான். பேச்சுக்குப் பேச்சு அந்த விரலை ஆட்டுவான். ஜுரத்தில் கிடந்தபோது வைத்தியக் கடவுளே பாம்பாக வந்து தன் நெற்றியை நக்கிக் குணப்படுத்தியதாகக் கதை வேறு.

"பாம்பு நமக்கு ரத்த சொந்தம்யா!" என்பான். கண்விழித்து ஈரத்துணி போட்டவள் அவன் மனைவி ஓப்பியா. அதை அவன் சொல்லவே மாட்டான்.

ஓப்பியாவும் முழங்கைக்கு மேலே, பாம்பு சுற்றியதுபோல ஒரு நாகவத்து அணிந்திருந்தாள். நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும் என்று அவள் தாய் போட்டுவிட்ட காப்பு. சமையலறைப் பக்கத்துச் சாமி மாடத்தடியில் நிஜப் பாம்பும் ஒன்று இருந்தது. விஷமில்லாதது. வீட்டு எஜமானின் உயிர்க்காவல் அது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஓப்பியா அதற்கு முட்டை வைப்பாள். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத நுமீசியஸுக்கு அது தெரியாது.

நகரசபைப் பெரிய மனிதர்களை ஒருநாள் விருந்துக்கு அழைத்தான். நானும் போயிருந்தேன். மோதிரப் புராணத்தின் நடுவே பாம்பு நிதானமாகக் கூடத்துக்குள் ஊர்ந்து வந்தது. நுமீசியஸ் வீறிட்டுச் சாய்மஞ்சத்தின் மேல் ஏறினான்.

"அடிங்கடா! அடிச்சுக் கொல்லுங்கடா!"

அடிமைகள் ஒருவரும் அசையவில்லை. யார் துணிவார்கள்? அவனே விளக்குத் தண்டை வீசி அதன் தலையை நசுக்கினான். விருந்தாளிகள் முகம் வெளிறி எழுந்தார்கள்.

அவமானம் மனைவி மேல் பாய்ந்தது. "உன் கையில கெடக்குற சனியன்தான்டி இத வரவழைச்சுது! கழட்டு அத!"

"அப்ப உங்க விரல்ல இருக்கறது என்னங்க, மண்புழுவா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் பாய்ந்து அவள் கையை முறுக்கினான். அவள் உதறி விடுவித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் எங்கள் வழக்கப்படி மணவிலக்கு வாசகத்தைச் சொல்லித் தீர்த்துவிட்டாள்: "உன் பொருள நீயே வெச்சுக்க." அந்தக் கணம்தான் 'நீங்க' 'நீ' ஆனது. செத்த பாம்பைக் கைத்துணியில் சுற்றித் தோட்டத்தில் புதைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். அன்றிரவு அழுதாள். அவனுக்காக அல்ல, பாம்புக்காக.

பிறகு பக்கத்து ஊரான கூமாவில் ஒரு கயிறு திரிப்பவனை மணந்தாள். இரண்டு பெண் குழந்தைகள்.

நுமீசியஸ் என்ன செய்தான்? விருந்தாளிகளைக் கொல்ல வந்த கொடும் விரியனைத் தான் வீழ்த்தியதாக ஊரெல்லாம் அளந்தான். சொல்லச் சொல்லப் பாம்பு நீண்டது, கடைசியில் அதற்குக் கொண்டைகூட முளைத்துவிட்டது. சாவதற்கு முன்பே நெடுஞ்சாலையோரம் தனக்குக் கல்லறை கட்டிக்கொண்டான். அதன் முகப்பில், மாவீரன் ஹெர்குலிஸ் கைக்குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபடியே இரண்டு பாம்புகளின் கழுத்தை நெரிக்கும் சிற்பம். உடம்பு குழந்தையுடையது, முகம் மட்டும் நுமீசியஸின் வழுக்கை முகம்.

ஓப்பியா வந்திருந்தபோது அதைக் காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"காது சரியா வரலக்கா. அவனுக்கு இன்னும் பெருசு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.