நாற்பது எழுத்துகள்

டொக்டர் அம்மா என் கையில் கொடுத்த சிறிய அட்டையில் நாற்பது எழுத்துகள் இருந்தன. எழுத்தும் இலக்கமும் கலந்து, நான்கு நான்காகப் பிரித்து, நீல மையில் அவரே எழுதியவை. கொழும்பில் எங்கள் வழக்குகளைப் பார்த்த சட்டத்தரணியின் கணினிச் சாவிக்கு அதுதான் அடையாளம்; சாவி மாறினால் எழுத்துகளும் மாறும். அந்தச் சாவியால் மின்னஞ்சலைப் பூட்டினால் அவர் ஒருவரால்தான் திறக்க முடியும். அவர் பெயரில் வேறொருவன் தன் சாவியைத் தந்துவிட்டாலோ, நாமே பூட்டி அவன் கையில் கொடுத்ததாகிவிடும். "பிள்ளை, புதுச் சாவி எண்டு ஆர் அனுப்பினாலும், அவரின்ரை குரலிலை எழுத்துகளைக் கேக்காமல் ஒண்டையும் அனுப்பாதையும்" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரரான அவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பதுளைக் கடைவீதியின் மாடியொன்றில் ஓர் உதவி நிலையம் நடத்தினார். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போய் அடிபட்டுத் திரும்பும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான இடம் அது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே முதலில் கணினி பழகியவள் என்பதால் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. நான் சேர்வதற்கு முன், டொக்டர் அம்மா ஒரு பெண்ணின் வாக்குமூலத்தைப் பூட்டாமல் அனுப்பியிருக்கிறார். ஒரு வாரத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் அவள் லயத்துக்கே வந்து பெயர் சொல்லி விசாரித்தானாம். பயந்துபோன அவள் வழக்கே வேண்டாமென்று விட்டாள். அதன் பிறகுதான் சாவியும் அட்டையும் வந்தன.

அன்று டொக்டர் அம்மா எல்லவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. கொஸ்லந்தையில் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் வாக்குமூலம், அவள் இருக்கும் இடத்தோடு, என் கணினியில் தயாராக இருந்தது. பதினொரு மணிக்குச் சட்டத்தரணியின் முகவரியிலிருந்தே மடல் வந்தது. பழைய சாவி பழுதாகிவிட்டது, இணைத்துள்ள புதியதால் பூட்டி மூன்று மணிக்குள் அனுப்பு, நீதிமன்றத்தில் இருப்பதால் தொலைபேசியை எடுக்க முடியாது என்று இருந்தது. அவர் நீதிமன்றத்தில் இருப்பது வழக்கம்தான். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை.

பத்து நிமிடத்துக்கொரு முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே தோன்றவில்லை. அனுப்பாவிட்டால் வழக்கு போய்விடுமோ, அனுப்பினால் அந்தப் பிள்ளை போய்விடுவாளோ என்று மாறி மாறி யோசித்தேன். இரண்டரைக்கு இன்னொரு மடல்: 'அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் நீதான் பொறுப்பு.' அதைப் படித்து அழுதேன். அந்தப் புதுச் சாவியால் ஒருமுறை பூட்டியும் விட்டேன். அனுப்பும் பொத்தான்மேல் விரல் இருந்தது. மூன்று மணி அடித்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சன்னலருகே போய் நின்றேன். கணினிக்குப் பக்கத்தில் இருக்க எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

நாலரைக்கு அவர் எடுத்தார். "ஐயா, ஒங்க புதுச் சாவியோட எழுத்துகளைக் கொஞ்சம் வாசிங்க" என்றேன்.

"என்ன புதுச் சாவி? நான் எதையும் மாத்தலையே தங்கச்சி."

பூட்டி வைத்திருந்த மடலை முதலில் அழித்தேன். அவருடைய அஞ்சல்பெட்டிக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்த டொக்டர் அம்மா நின்றபடியே முழுவதையும் கேட்டார். "அனுப்பேல்லைத்தானே?" என்று மூன்று முறை கேட்டார். "அனுப்பலீங்க டொக்டர்" என்று மூன்று முறையும் சொன்னேன். என்னைப் பாராட்டவில்லை. என் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிரித்து, "சாப்பிடும்" என்றார். மறுநாள் விடிந்ததும் இருவருமாகப் போய் அந்தப் பெண்ணை வேறிடத்துக்கு மாற்றினோம். வாக்குமூலத்தில் நேரிலேயே அவள் கையொப்பம் வாங்கி, டொக்டர் அம்மாவே கொழும்புக்குக் கொண்டுபோனார். வழக்கு இழுத்து இழுத்து, கடைசியில் அவளுக்குச் சூடு வைத்த கொழும்பு வீட்டுக்காரருக்குத் தண்டனை கிடைத்தது.

இன்று என் கைப்பேசி எல்லாவற்றையும் தானே பூட்டிக்கொள்கிறது. ஆனாலும் ஒருவர் எண்ணை மாற்றிவிட்டேன் என்று எழுதினால், குரலைக் கேட்கும்வரை அந்த எண்ணுக்கு எதையும் அனுப்பமாட்டேன். டொக்டர் அம்மா இப்போது இல்லை.

அந்தப் பெண் தன் கல்யாணத்துக்குச் சொல்ல ஒருமுறை நிலையத்துக்கு வந்திருந்தாள். சாவியைப் பற்றி அவளுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. என் மேசையையும் மின்விசிறியையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கொழுந்து பறிக்கவும் போக வேணாம், மழையிலயும் நனைய வேணாம். சும்மா ஒக்காந்து தட்டுற வேலை. நீங்க குடுத்து வச்சவங்க அக்கா."

"ஆமா" என்றேன்.