கிளமெண்டியிலிருந்து ஒரு பஸ் பயணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வேலையை யாருக்கும் ஒரே வரியில் விளக்க முடியாது. உடற்குறையோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவேன். அதோடு முடியாது, அவர்களுக்குப் பழகும்வரை நானும் கூடவே நின்று அதே வேலையைச் செய்வேன்.

அப்படித்தான் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இலை போட்டேன். நான் அழைத்துப் போன பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள், கற்றதை விடமாட்டாள்.

கடை முதலாளி தயங்கினார். “கூட்ட நேரத்துல தடுமாறினா என்னம்மா செய்றது?”

“ரெண்டு வாரம் நானும் நிக்கிறேன். சரிப்படலன்னா கூட்டிட்டுப் போயிடுறேன்.”

முதல் நாளே சிக்கல். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வர வேண்டும். அவளுக்கு இடம் வலம் பிடிபடவில்லை. பாதி இலைகள் திரும்பியே கிடந்தன. பரிமாறுபவர் முணுமுணுக்க, அவள் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவள் இடக்கையில் ஒரு சிவப்பு வளையல் போட்டுவிட்டேன். “நாற்காலிக்குப் பின்னால நில்லு. வளையல் பக்கம் நுனி.” அன்று மத்தியானம் ஓர் இலைகூடத் தப்பவில்லை. தப்பியது நான் போட்டதுதான். அவளே வந்து திருப்பி வைத்தாள்.

அடுத்தது பஸ். அவள் வீடு கிளமெண்டியில். தினமும் சேர்ந்தே போய்வந்தோம். இரண்டாம் வாரக் கடைசியில், “நாளைக்கு நான் வரமாட்டேன், நீயே போகணும்” என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் அம்மாவுக்குத்தான் முகம் வெளுத்துப்போனது.

உண்மையில் எனக்கும் பயம்தான். மறுநாள் காலை அவள் ஏறும் இடத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே ஏறி, கடைசி இருக்கையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் ஏறி, முன்னால் உட்கார்ந்து, நிமிர்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியிலேயே தூங்கிவிட்டேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

“அக்கா, எழுந்திருங்க. நம்ம ஸ்டாப் வந்துடுச்சு லா.”

மணியை அவளே அடித்திருந்தாள். இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வரமாட்டேன்னு சொன்னீங்க?”

“நீ சரியா போறியான்னு பாக்க வந்தேன்.”

“எங்க பாத்தீங்க? தூங்கினீங்க!”

கடைக்குள் நுழைந்ததும் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். முதலாளி சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள் முணுமுணுத்த பரிமாறுபவர்கூட எனக்கு ஒரு காப்பி கலக்கிக் கொண்டுவந்து, “குடிங்க, தூக்கம் போயிடும்” என்றார்.

அன்றோடு நான் அவளுடன் பஸ்ஸில் போவதை நிறுத்திக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து முதலாளி எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஏதோ புகார் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“பாத்திரம் கழுவ ஆள் வேணும்மா. இவள மாதிரி ஒருத்தர் இருக்காங்களா?”

இருந்தார். எங்களிடம் வேலை கேட்டிருந்த, காது கேளாத ஓர் அண்ணன். மறுவாரமே அவரோடு போய், இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு கழுவத் தொடங்கினேன்.