அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்த இரண்டு துரைமார்

அப்பா நம்மை விட்டுப் போய் நாளையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரோடு மழையில் நனைந்து தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான் என்பதால், எழுதும் பொறுப்பை அத்தை என்னிடம் கொடுத்தார். "உங்கப்பாவைச் சாமியாக்கிறாத. நடந்ததை எழுது" என்றும் சொன்னார்.

அப்பா இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். கலவரத்தில் லயம் எரிந்தபின், இளம் வயதில், பெற்றோரை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, தங்கையை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கீழ் கோத்தகிரியில் தோட்ட வேலை கிடைத்தது. செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவர் கை சுத்தம். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகே தனக்கென்று ஒரு குடும்பத்தை நினைத்தார். மழைக்காலத்தில் அட்டை கடிக்காமலிருக்க என் காலில் சோப்பு தேய்த்துப் பள்ளிக்கு அனுப்புவார். தன் காலுக்குத் தேய்க்க மறந்துவிடுவார்.

அவருடைய பூனைக்கண் உங்களுக்கு நினைவிருக்கும். அதை வைத்து டீக்கடையில் கேலி செய்யாதவர் இல்லை.

"ஏ தொர, லண்டன்லருந்து பென்சன் வந்துருச்சா?"

"வந்துருச்சு. உன்னையக் குதிரைக்காரனா வெச்சுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க."

சிரித்தாலும் அப்பாவுக்கு உள்ளே ஒரு குறை இருந்தது. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரைக்குப் பிறந்தவர். லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். அந்தத் துரையின் பெயர்தான் யாருக்கும் தெரியாது. கொழுந்து பறித்த தாத்தாவின் தாய் அதைச் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார்.

ஆடி அமாவாசைதோறும் மேட்டுப்பாளையத்துப் பவானிக்கரையில் அப்பா திதி கொடுப்பார். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பா தன் தகப்பனார் பெயரோடு நின்றுவிடுவார்.

"தெரியலைன்னா பரவால்லைங்க, பெருமாள்னு சொல்லிக்கலாம்."

"அவரு பேரு பெருமாள் இல்லீங்களே சாமி."

ஒருமுறை திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "நல்லவனோ கெட்டவனோ, நம்மளைத் தவிர அவருக்கு யாரு படையல் எலை வெப்பா? பேரு தெரியாம எப்படிப்பா கூப்பிடறது? நீ படிச்ச புள்ள, தேடிப் பாரு."

தேடினேன். இலங்கையில் இருக்கும் உறவினர் ஒருவர் தாத்தாவின் பிறப்புப் பதிவை எடுத்துக் கொடுத்தார். அதில் தாய் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. தந்தைக்கான இடம் காலி. அந்தக் காலத் தோட்டத் துரைமாரின் பெயர்ப் புத்தகங்களைக் கணினியில் பார்த்தபோது, தாத்தா பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் அங்கே ஒருவரல்ல, இரண்டு சின்னத்துரைகள் இருந்தது தெரிந்தது. ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், அங்கஸ். மற்றவர் அயர்லாந்துக்காரர், மைக்கேல்.

அங்கஸுக்கு ஞானஸ்நானப் பதிவு முதல் கப்பல் பயணிகள் பட்டியல்வரை எல்லாம் கிடைத்தது. அவருடைய அண்ணன் பேத்தி ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து அன்போடு பதில் எழுதினார். மைக்கேல் கல்யாணமே ஆகாமல் இறந்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அயர்லாந்தில் பழைய பதிவேடுகள் பல தீயில் போய்விட்டன என்று நான் சொன்னபோது அப்பா, "அங்கயும் எரிச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

அத்தைக்கு இந்தத் தேடலே பிடிக்கவில்லை. "ஏண்ணே, ஒரு கொழுந்தெடுக்கற பொம்பளைய வயித்துல புள்ளையோட விட்டுட்டுப் போனவனுக்கு எள்ளும் தண்ணியுமா? தூ!"

"என்ன நடந்துச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தங்கச்சி."

"தெரிஞ்சவரைக்கும் போதும்."

அந்த ஸ்காட்லாந்து அம்மையார் ஒரு வழி சொன்னார். அப்பாவின் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினால், தன்னுடையதோடு ஒப்பிட்டு, உறவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். எனக்கு ஆவல் தாங்கவில்லை. அப்பா மறுத்துவிட்டார்.

"அங்கஸுதான்னு வந்துட்டா, அந்த இன்னொருத்தரை என்ன பண்றது? பேரைத் தேடி எடுத்துட்டோம். அவருக்குப் புள்ளகுட்டியும் இல்ல. இனிமே விடறதாப்பா?"

அந்த ஆடி அமாவாசையில் ஐயரிடம் இரண்டு பெயரையும் சொன்னார்.

"ஒரு தலைமுறைக்கு ரெண்டு பேருங்களா? அப்பாவைப் பெத்தவரு ஒருத்தர்தானுங்க இருக்க முடியும்."

"ஒருத்தர்தான் சாமி. எவருன்னு மேல இருக்கறவனுக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

ஐயர் தலையை ஆட்டிக்கொண்டே, தடுக்கித் தடுக்கி இரண்டு பெயரையும் மந்திரத்தில் சேர்த்தார். கரையேறி வந்த அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அன்று வழியில் நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த குளிர்காலத்தில் மூச்சுத் திணறல் வந்தது. படுக்கையிலும் யாரையும் சிரமப்படுத்தாமல், ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த லயத்துத் தம்பிமார்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்ட அக்காமார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சோதனை வேண்டாம் என்றபின்பும் கடிதத்தை நிறுத்தாத அந்த அம்மையாருக்கும் நன்றி. அப்பா மறைந்த செய்தி கேட்டு அவர் தம் ஊர்த் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாராம்.

கடைசியாக அத்தைக்கு. பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் பெயர்களைக் கேட்டபோது அப்பா பெயரைச் சொன்னேன், தாத்தா பெயரைச் சொன்னேன். அடுத்ததைச் சொல்லுமுன் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மொதல்ல எங்க அப்பாயி பேரைச் சொல்லு. வள்ளியம்மை. சத்தமாச் சொல்லு. அப்புறம் அவனுக ரெண்டு பேரையும் சொல்லு. எங்கண்ணன் வெச்ச எலையை நான் எடுக்கமாட்டேன்."

அந்த வரிசையிலேயே சொன்னேன். நாளைய திதியிலும் அதே வரிசைதான்.