நொய்யல் ஏன் சிவந்தது: என் முதல் அறிவியல் கட்டுரை

நண்பர்களே, நான் அறிவியல் நிருபர் ஆகிவிட்டேன், நம்மூர் வார இதழில் என் பெயரோடு கட்டுரை வந்துவிட்டது!!!

நொய்யல் ஆறு ஏன் சிவப்பாக ஓடுகிறது என்பதுதான் விஷயம். பிரௌசிங் சென்டரிலேயே குடியிருந்து, சாயக்கழிவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து எழுதினேன்.

ஆசிரியர் ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டார்.

"அருமையா எழுதியிருக்கறீங்க கண்ணு. சாயப்பட்டறைங்கற வார்த்தைய மட்டும் எடுத்தர்லாங்களா? விளம்பரம் குடுக்கறவங்க வருத்தப்படுவாங்கல்ல."

பெயரை அச்சில் பார்க்கிற ஆசையில் தலையாட்டிவிட்டேன்.

இன்று காலை அவிநாசி ரோட்டு பேக்கரியில் இதழைப் பிரித்தேன். ஆறு சிவக்கக் காரணம் செம்மண்ணாம். சொல்வது நானாம்!

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர் எட்டிப் படித்தார்.

"ஏனுங்க, இத எழுதுனவங்க ஊருக்குப் புதுசுங்களா? போன வாரம் ஆறு நீலமாப் போச்சுங்களே, அது நீல மண்ணுங்களா? இப்ப எங்க கம்பெனில செவப்பு பனியன் ஆர்டர் ஓடுது. அதான் ஆறும் செவப்பு."

"யாரோ விவரமில்லாதவங்க போலங்க" என்று சொல்லி, என் பெயர் மேலேயே டீ கிளாஸை வைத்தேன்.

அறிவியல் நிருபராக நான் வாழ்ந்த காலம் ஒரு டீ குடிக்கிற நேரம்.

வெட்டுப்படாத கட்டுரையைக் கீழே போட்டிருக்கிறேன். இந்த வலைப்பூவுக்கு விளம்பரம் தர ஒருத்தரும் இல்லை, அதனால் யாரும் வருத்தப்படவும் போவதில்லை.

உங்கள் பக்கத்துப் பாலத்தில் இன்றைக்கு ஆறு என்ன நிறம்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். செம்மண் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை நான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டேன்.