கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும், பென்சில் காதில். வெறும் வாயை மெல்லுவது போல உதடு மட்டும் அசையும். உத்தரவைப் படித்து முடித்ததும் மூக்கால் சிரிப்பார். "அதாவது பாருங்க, கோர்ட்டு எதைக் கூடாதுன்னு சொல்லலையோ, அதுலதான் நம்ம பொழப்பு."

சட்டசபைக்கு மசோதா எழுதிக் கொடுக்கும் எங்கள் பிரிவில் அவர்தான் மூத்தவர். நீதிமன்றம் கிழித்துப் போட்ட சட்டத்துக்கு ஒட்டுப் போட்டு மறுபடி சபைக்கு அனுப்புவது அவர் வேலை. ஆகவே எங்களுக்கு அவர் ஒட்டு சார். அவர் டீக்குப் போனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதே மூக்கால் நான் பேசுவேன். ஒருநாள் பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "குரல் சரிடா தம்பி. அந்த அதாவதைத்தான் இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்றார்.

சட்டை மட்டும் கத்தி மடிப்பு. அவர் தெருமுனையில் துணி தேய்க்கும் அம்மாவின் கைவேலை. "என்னைவிட என் சட்டைக்குத்தான் ஆபீஸ்ல மரியாதை" என்பார்.

போன மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. போலீஸ் பிடித்துப் போனவரை எங்கே வைத்திருக்கிறது என்று வீட்டாருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லத் தேவையில்லை என்ற சட்டம் செல்லாது. ஒட்டு சார் கடைசிப் பக்கத்தைத் தட்டினார். "சொல்லணும்னு சொன்னாங்க. எப்பன்னு சொல்லலையே." பாதுகாப்புக் கருதி அதிகாரி தள்ளிப்போடலாம் என்று ஒரு வரி சேர்த்தார். டீ ஆறுவதற்குள் சபையில் நிறைவேறியது. பிரிவில் எல்லோரும் கை தட்டினோம்.

காலையில் என் வண்டியில்தான் அவர் வேலைக்கு வருவார். அந்த வாரமே ஒருநாள் தேய்த்த சட்டையை வாங்கத் தெருமுனையில் இறங்கினார். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"சார், நான் கேஸ்ல ஜெயிச்சுட்டேன். என் பையனை எங்க வச்சிருக்காங்கன்னு இனி சொல்லியே ஆகணும்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஸ்டேஷன்ல போய்க் கேட்டா, புதுசா சட்டம் வந்திருக்கு, அப்புறம் வான்னு விரட்டுறாங்க. நீங்க சட்டத்துலயே இருக்கிறவரு. யாரைப் போய்க் கேட்கட்டும்?"

"கேஸ் போட்டது நீயாம்மா?"

"என் பேருதானே சார் முதல் பக்கத்துல இருக்கு."

"அதாவது..." என்று இழுத்தார். கை தேய்த்து வைத்திருந்த சட்டையின் காலருக்குப் போனது.

"காலரைத் தொடாதீங்க சார், இன்னும் சூடா இருக்கு" என்றார் அந்த அம்மா.

இப்போதெல்லாம் "பின்தெரு வழியாப் போடா தம்பி" என்கிறார். சட்டை கசங்கியே வருகிறது. யாரும் ஏனென்று கேட்பதில்லை. அவர் நாற்காலியில் நானும் உட்காருவதில்லை.

நேற்று புதுத் தீர்ப்பு ஒன்று மேஜைக்கு வந்தது. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தைத் திறந்து, வழக்குப் போட்டவரின் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்தபோதும் விரல் அங்கேயே இருந்தது.